சஞ்சிகைச் சுட்டியும் நூலகர் கூட்டுறவும்: 'பூல் சுட்டி'யின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிவுலகிலே சஞ்சிகையானது நூலுக்குச் சமமான இடத்தையும், சில துறைகளில் நூலையும் விஞ்சிய இடத்தையும் பெற்றிருந்தது. 1802இல் எடின்பரோ றிவியூவும், 1809இல் குவாட்டர்லி றிவியூவும், 1817இல் பிளாக்வுட்ஸ் மகசினும், 1824இல் வெஸ்ற்மின்ஸ்ரர் றிவியூவும் தோன்றின. அமெரிக்காவிலே 1815ஆம் ஆண்டு முதல் நோர்த் அமெரிக்கன் றிவியூ வெளிவந்துகொண்டிருந்தது. தேர்தற் சீர்திருத்தம், அடிமை முறை, தானியச் சட்டங்கள், புவிச்சரிதவியல், புதிய கவிதை என்று அக்காலத்து மக்கள் எதைப் பற்றி வாதிட்டனரோ, அதைப் பற்றிய முதற் கட்டுரை பெரும்பாலும் இவ்வெளியீடுகளிலேயே இடம்பெற்றது. பின்னர் நூலாக வளர்ந்த கருத்துகள் பலவற்றின் முதல் வடிவமும் அங்கேயே கிடந்தது.

ஆனால், வெளிவந்த மாதத்திலே பலராலும் வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை, இதழ்கள் தொகுதியாகக் கட்டப்பட்டு அடுக்கில் ஏறியதும் கண்ணுக்கு மறைந்துவிடும். நூலகப் பட்டியலில் 'எடின்பரோ றிவியூ, இத்தனை தொகுதிகள்' என்ற ஒரு வரி இருக்குமேயன்றி, அத்தொகுதிகளுள் அடங்கிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பற்றிய செய்தி எதுவும் இராது. தொகுதிதோறும் பின்னிணைப்பாகச் சுட்டி இருந்த சஞ்சிகைகளிலும், வாசகன் தான் தேடும் பொருளுக்காக ஒவ்வொரு தொகுதியையும் கையிலெடுத்துப் புரட்ட வேண்டியிருந்தது. இந்தக் குறையைத் தீர்க்க முயன்ற பெரும் பணியே 'பூல் சுட்டி' என்று வழங்கும் சஞ்சிகை இலக்கியச் சுட்டியாகும். நூலகவியல் வரலாறுகள் இதனை வில்லியம் பிரெடரிக் பூல் என்ற தனிமனிதரின் சாதனையாகவே பெரிதும் பேசுவன. அதன் தொடக்கத்தைப் பொறுத்தவரை அது சரியே. அதன் நிறைவைப் பொறுத்தவரை, ஊதியமின்றி ஒரு வேலையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட ஏறக்குறைய 50 நூலகங்களின் வரலாறாகவே அது நோக்கப்படுதல் வேண்டும். அந்தப் பங்கீடு எதனைச் சாதித்தது, எங்கே தடுமாறியது என்பன இரண்டும் கவனத்துக்குரியன.

பணி தொடங்கிய இடம் ஒரு மாணவர் சங்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது. யேல் கல்லூரியிலே 1753இல் தோன்றிய லினோனியா, 1768இல் தோன்றிய 'பிறதர்ஸ் இன் யூனிற்றி' என இரு இலக்கியச் சங்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்தன. விவாதங்களை நடத்துவதே இவற்றின் முதன்மையான வேலை. அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளின் நூலகங்கள் மாணவருக்குச் சில மணிநேரமே திறந்திருந்தன. அவற்றிலே பழைய இறையியல் நூல்களும் செம்மொழி நூல்களுமே மிகுதி. சமகால அரசியலையும் இலக்கியத்தையும் அறிய விரும்பிய மாணவர் தம் சந்தாப் பணத்தைக்கொண்டு தாமே நூலகம் அமைத்தனர். இவ்வாறு இவ்விரு சங்கங்களும் சொந்த நூலகங்களைப் பேணிவந்தன. கல்லூரி தராததை மாணவர் தமக்குத் தாமே தேடிக்கொண்டதன் பயனாகவே சஞ்சிகைத் தொகுதிகள் அங்கு பெருமளவிற் சேர்ந்தன எனலாம்.

மசாசூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் 1821இல் பிறந்த பூல், 1842இல் யேலிற் சேர்ந்தார். ஓராண்டு கற்றபின் பணமுடையால் கல்வியை இடைநிறுத்தி, மூன்றாண்டுகள் பிற தொழில்களிலே கழித்து, 1846இல் திரும்பி வந்தார். அப்பொழுது பிறதர்ஸ் இன் யூனிற்றி நூலகத்தின் பொறுப்பாளராக ஜோன் எட்மண்ட்ஸ் என்ற மூத்த மாணவர் இருந்தார். விவாதப் பொருள்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எந்த நூலை, எந்தக் கட்டுரையைப் பார்க்கலாம் என்று குறித்து எட்டுப் பக்கமுள்ள சிறு பிரசுரமொன்றை எட்மண்ட்ஸ் 1847இல் வெளியிட்டார். அதன் பயனை மாணவர் உடனே உணர்ந்தனர். உதவி நூலகராக அமர்ந்த பூல், தம் நூலகத்திலே நிறைந்து கிடந்த சஞ்சிகைத் தொகுதிகளை எவரும் எடுப்பதில்லை என்பதையும், அன்றாடம் மாணவர் தேடியலைந்த பொருள்கள் அவற்றினுள்ளே இருந்தன என்பதையும் கண்டார். எட்மண்ட்ஸ் விவாதத் தலைப்புகளுக்கு மட்டும் செய்ததைச் சஞ்சிகைகளின் கட்டுரைகள் யாவற்றுக்கும் விரிப்பதே அவர் மேற்கொண்ட வேலை. எட்மண்ட்ஸின் பெயர் பிற்காலத்தில் ஓர் அடிக்குறிப்பளவிற் சுருங்கிவிட்டது. பூலின் சிந்தனை அவரிடமிருந்து தொடங்கியது என்பதில் ஐயமில்லை.

கையெழுத்துப் படியாக இருந்த பூலின் சுட்டியை மாணவர் ஓயாது கையாண்டதால் அது கிழிந்து அழிந்துவிடும் நிலை ஏற்பட்டது. அச்சிடுதலே அதனைக் காக்கும் வழியாயிற்று. 1848இல் நியூயோர்க்கிலே பட்னம் நிறுவனம் அதனை 154 பக்கங்களில் வெளியிட்டது. பிறதர்ஸ் இன் யூனிற்றி நூலகத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பு அதன் தலைப்பிலேயே உண்டு. அச்சான 500 பிரதிகளும் விரைவிலே தீர்ந்தன. ஒரு கல்லூரிச் சங்கத்தின் தேவைக்காகச் செய்யப்பட்ட வேலை, தமக்கும் அதே தேவை உண்டு என்பதைப் பிற நூலகங்களுக்கு உணர்த்திவிட்டது. 1849இற் பட்டம் பெற்ற பூல், சுட்டியை விரிவாக்கி 1853இல் 500 பக்கங்களுக்கு மேற்பட்ட இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். அப்போது அவர் பொஸ்ரன் வணிகர் நூலகத்தின் நூலகராக இருந்தார்.

அதே 1853ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நியூயோர்க்கிலே அமெரிக்க நூலகர்களின் முதல் மாநாடு கூடியது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூலகராயிருந்த சார்ள்ஸ் கொஃபின் ஜுவெற் தலைமை வகித்தார். ஆண்டுதோறும் கூடுவது என்ற எண்ணத்தோடு பிரிந்த அவர்கள் அடுத்த 23 ஆண்டுகளுக்குக் கூடவில்லை. இந்த இடைவெளி சுட்டியின் வரலாற்றையும் தாக்கியது. 1853க்குப் பின்னர் சஞ்சிகைகள் பல மடங்கு பெருகின. பூலோ பொஸ்ரன் அதினியம், பின்னர் சின்சினாற்றி, 1874 முதல் சிக்காகோப் பொதுநூலகம் என்று பெரிய பொறுப்புகளை ஏற்றார். 1871ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர், பிரித்தானிய மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய நூல்களைக் கருவாகக் கொண்டு உருவான சிக்காகோ நூலகத்தை எழுப்பும் பணியில் இருந்தவருக்கு, மாணவப் பருவத்தில் இரவிரவாகச் செய்த வேலையைத் தொடர நேரம் ஏது? இதற்கிடையே பல நூலகங்கள் பூலின் இரண்டாம் பதிப்பு விட்ட இடத்திலிருந்து தத்தம் பயனுக்கெனக் கையெழுத்துச் சுட்டிகளைத் தயாரித்துவந்தன. ஒரு நகரத்து நூலகர் முடித்த அதே தொகுதியை, அதை அறியாத இன்னொரு நகரத்து நூலகர் மீண்டும் தொடங்கினார். செலவான உழைப்பின் அளவை நோக்கினால், மூன்றாம் பதிப்பொன்றுக்குப் போதுமான வேலை எங்கெங்கோ நடந்துகொண்டுதான் இருந்தது. அது ஒரே வேலையாக ஒன்றுசேரவில்லை என்பதே குறை.

அறிவியற் துறையிலே இதே சிக்கல் வேறு வழியில் அணுகப்பட்டது. ஸ்மித்சோனியனின் செயலாளர் ஜோசப் ஹென்றி 1855இல் பிரித்தானிய அறிவியற் சங்கத்தின் கிளாஸ்கோக் கூட்டத்துக்கு அனுப்பிய ஆலோசனையின் பயனாக, இலண்டன் றோயல் சொசைற்றி அறிவியற் கட்டுரைகளின் பட்டியலைத் தொகுக்க முற்பட்டது. 1867இல் தொடங்கி 1925 வரை 19 தொகுதிகளாக அது வெளிவந்தது. ஆசிரியர் பெயர் வரிசையில் அமைந்த அப்பட்டியலுக்குப் பின்னால் ஒரு வலிய நிறுவனமும் அரசின் ஆதரவும் இருந்தன. பொது வாசகரின் சஞ்சிகைகளுக்கு அத்தகைய புரவலர் எவரும் இலர். யாருடைய பொறுப்பும் அல்லாத வேலை எவராற் செய்யப்படும் என்ற கேள்வி இவ்விடத்தே எழுகின்றது.

அதற்கான விடை 1876 ஒக்ரோபரிற் கிடைத்தது. அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சியையொட்டிப் பிலடெல்பியாவிலே கூடிய 103 பேர் அமெரிக்க நூலகச் சங்கத்தை நிறுவினர். மெல்வில் டூயியின் பதின்மப் பகுப்பு முறை அச்சேறியதும், சார்ள்ஸ் கட்டரின் பட்டியல் விதிகள் வெளிவந்ததும், நூலகர்களுக்கென ஒரு சஞ்சிகை தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். (டூயியின் பகுப்பு முறையைப் பூல் இறுதிவரை ஏற்கவில்லை. எல்லா நூலகங்களும் ஒரே வார்ப்பில் அமைய வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு ஒவ்வாதது. ஒரே சீரான விதிகள் இன்றி நடக்கவே இயலாத சுட்டி வேலைக்கு அவரே தலைவராக இருந்தமை சற்று விநோதமானது.) அம்மாநாட்டிலே சுட்டியின் மூன்றாம் பதிப்புப் பற்றிய கேள்வி எழுந்தபோது, தம்மால் தனித்து அதைச் செய்ய முடியாது என்பதைப் பூல் தெளிவாகக் கூறிவிட்டு, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் திட்டமொன்றை முன்வைத்தார்.

திட்டத்தின் அடிப்படை எளியது. ஒவ்வொரு நூலகமும் தன்னிடம் முழுமையாக உள்ள ஒன்றிரண்டு சஞ்சிகைகளைப் பொறுப்பேற்கும். அச்சிட்டு வழங்கப்படும் விதிகளின்படி, அவற்றின் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பதிவு எழுதும். பதிவுகள் யாவும் மைய ஆசிரியரிடம் வந்து சேரும். திருத்துவதும் ஒழுங்குபடுத்துவதும் அகரவரிசையில் இணைப்பதும் அவர் பொறுப்பு. பணக் கைம்மாறு எதுவும் இல்லை. ஐம்பதில் ஒரு பங்கை உழைத்தவனுக்கு ஐம்பது பங்கின் பயனும் கிடைக்கும் என்பதே இதன் கவர்ச்சி. 1877 ஒக்ரோபரில் இலண்டனில் நடந்த மாநாட்டிலே, அங்கே தோன்றிய ஐக்கிய இராச்சிய நூலகச் சங்கத்தின் ஒத்துழைப்பும் பெறப்பட்டது. எனினும் பிரித்தானிய நூலகங்கள் ஏற்ற பங்கு முழுமையாக நிறைவேறவில்லை. விடுபட்டவற்றின் சுமை அமெரிக்க நூலகங்கள் மீதே விழுந்தது. வாக்குறுதி எளிது, பிறரது ஏட்டுக்காகத் தன் மாலைப் பொழுதுகளைச் செலவிடுதல் அரிது என்பதை இரு நாட்டு நூலகரும் அறிந்தேயிருப்பர்.

துணையாசிரியராக வந்தவர் ஹாட்போட் நகரத்து வற்கின்சன் நூலகத்தின் உதவி நூலகர் வில்லியம் ஐ. பிளெச்சர். சிக்காகோவிலும் ஹாட்போட்டிலுமாக இவ்விருவரும் ஆற்றிய பணியின் இயல்பைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். கட்டுரை எதைப் பற்றியது என்பதே பதிவின் தலைச்சொல்லைத் தீர்மானிக்கும். பெரும்பாலும் ஆசிரியர் இட்ட தலைப்பிலுள்ள சொல்லே போதும். தலைப்பு பொருளை மறைக்குமாயின் வேறு சொல் இட வேண்டும். கதைகளும் கவிதைகளும் தத்தம் தலைப்பின்கீழ் வரும். நூல் மதிப்புரை என்ற பெயரிலே பொருள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுவது அக்காலத்து வழக்கமாதலால், அத்தகைய மதிப்புரை நூலின் பொருளுக்குரிய சொல்லின்கீழ் வரும். அதன் பின்னர் கட்டுரையாளர் பெயர் தெரிந்தால் அதுவும், சஞ்சிகையின் சுருக்கப் பெயர், தொகுதி எண், கட்டுரை தொடங்கும் பக்கம் ஆகியனவும் இடம்பெறும். ஒரே பொருளை ஒரு நூலகர் 'வறியோர்' என்றும் மற்றொருவர் 'வறுமை' என்றும் மூன்றாமவர் 'வறியோர் சட்டம்' என்றும் எழுதி அனுப்பினால், அவற்றை ஓரிடத்திற் சேர்ப்பதா பிரித்து வைப்பதா என்பதை மையத்திலிருந்த இருவருமே முடிவு செய்ய வேண்டும். பலர் உழைப்பினால் மட்டும் சுட்டி உருவாகிவிடாது. பலர் சொற்களை ஒரு சொல்லாக்கும் தீர்ப்பும் தேவை. கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடும் பகுதி இது. முதல் பதிப்பிலே ஒருவரே செய்தமையால் மறைந்திருந்த இந்த வேலை, மூன்றாம் பதிப்பிலே தனியொரு வேலையாகவே வெளித்தோன்றிற்று.

1882இல் அச்சுப் பெற்ற மூன்றாம் பதிப்பு 1442 பக்கங்களைக் கொண்டது. 232 சஞ்சிகைகளின் 6205 தொகுதிகள் அதிற் சுட்டப்பட்டன. 1802இல் எடின்பரோ றிவியூ தொடங்கிய நாள் முதல் 1881இன் முடிவு வரையான எண்பது ஆண்டுக் காலம் ஒரே அகரவரிசையின்கீழ் வந்தது. அதன் தலைப்புப் பக்கத்திலே பூலின் பெயரோடு பிளெச்சரின் பெயரும், அமெரிக்க, பிரித்தானிய நூலகச் சங்கங்கள் இரண்டினதும் ஒத்துழைப்புப் பற்றிய குறிப்பும் காணப்படுகின்றன. கடல் கடந்த இரு நாடுகளின் நூலகர் சங்கங்கள் தம் இளமைப் பருவத்திலேயே ஒரு நூலின் முகப்பிற் சேர்ந்து நின்றமை அத்தொழிலின் வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி எனலாம். அதன்பின் 1908 வரை ஐந்து துணைத் தொகுதிகள் வெளிவந்தன. 1885 முதல் 1887 வரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் தலைவராயிருந்த பூல், நியூபெரி நூலகத்தை உருவாக்கிக்கொண்டிருந்த வேளையில் 1894இல் மறைந்தார். அம்ஹேர்ஸ்ற் கல்லூரிக்கு நூலகராகச் சென்றிருந்த பிளெச்சர் பணியைத் தொடர்ந்தார். இறுதித் தொகுதிகளில் மேரி பூலின் பெயரும் அவர் பெயரோடு இணைந்துள்ளது. மொத்தமாக 479 சஞ்சிகைகளின் 12,241 தொகுதிகளிலிருந்து ஏறத்தாழ 590,000 பதிவுகள் இச்சுட்டியிலே திரண்டன.

இத்துணைப் பெரிய பணியின் குறைகளும் அதன் உருவாக்கத்தோடு பின்னியவை. பதிவுகளிலே ஆண்டு இல்லை. தொகுதி எண்ணை ஆண்டோடு பொருத்திப் பார்ப்பதற்குப் பிளெச்சர் ஓர் அட்டவணையை இணைத்திருந்தாலும், ஒரு கட்டுரை எப்போது வெளிவந்தது என்பதை அறிய வாசகன் இரு இடங்களிலே தேட வேண்டியிருந்தது. பல 'புதிய வரிசை'களாக வெளிவந்த சஞ்சிகைகளுக்குச் சுட்டி தானே தொடர் எண் இட்டமையால், அடுக்கிலுள்ள தொகுதியின் முதுகிலிருந்த எண்ணும் சுட்டியிலுள்ள எண்ணும் சில வேளைகளில் ஒவ்வாதிருந்தன. பதிவைச் சுருக்கினால் பக்கம் குறையும், எழுதுவோரின் சுமையும் குறையும். ஊதியமின்றி உழைப்போரிடம் மேலும் ஒரு வரியைக் கேட்பது எளிதன்று. வரலாற்று மாணவனுக்கோ ஆண்டு இல்லாத சான்று அரைச் சான்றே.

இதனினும் பெரிய குறை ஆசிரியர் பெயர் பற்றியது. பூல் சுட்டியிலே பொருளின்கீழ்க் கட்டுரையைக் காணலாம். ஒருவர் எழுதியவை யாவை என்று அவர் பெயரின்கீழ்த் தேட இயலாது. மேலும், அக்காலத்துப் பெரிய சஞ்சிகைகளின் கட்டுரைகளிற் பெரும்பாலானவை பெயரின்றியே வெளிவந்தன. ஜோர்ஜ் எலியற் என்ற பெயரை மேற்கொள்வதற்கு முன்னர் மேரியன் எவன்ஸ் வெஸ்ற்மின்ஸ்ரர் றிவியூவின் ஆசிரியப் பணியிலே பெயரின்றி ஈடுபட்டிருந்தார். அச்சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகளும் பெயரின்றியே அச்சாயின. சஞ்சிகை ஆசிரியர்களிடமும் வெளியீட்டாளரிடமும் விசாரித்துச் சில பெயர்களைச் சுட்டி சேர்த்துக்கொண்டபோதும், எஞ்சியவை பல. பொருளுக்கு முதன்மை தந்தமை விவாதத்துக்குச் சான்று தேடிய யேல் மாணவனின் தேவைக்குப் பொருத்தமானதே. அவனுக்குக் 'கொலனியாட்சி பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது' என்பதே வினா; 'எழுதியவர் யார்' என்பது இரண்டாம் வினா. ஒரு மாணவர் சங்கத்தின் தேவை எண்பது ஆண்டு இலக்கியத்தின் சுட்டிக்கும் அளவுகோலாகத் தொடர்ந்தது என்பதே இங்கு உணரத்தக்கது.

இதற்கிடையே, கூட்டுறவுக்குப் போட்டியாக வணிகம் வந்தது. மினெசோற்றாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருக்கையிலேயே நூல் விற்பனையைத் தொடங்கிய ஹல்சி வில்லியம் வில்சன், 1898இல் புதிய நூல்களின் திரள் பட்டியலையும், 1901இல் 'வாசகர் வழிகாட்டி' என்ற சஞ்சிகைச் சுட்டியையும் தொடங்கினார். அச்சு வரிகளை ஈயத்திலேயே பேணி வைத்து, புதிய வரிகளை இடையிடையே செருகி, முன்னைய இதழ்களையும் உள்ளடக்கிய திரட்டுகளை அவரால் அடிக்கடி வெளியிட முடிந்தது. ஊதியம் பெறும் சுட்டியாளர், ஆசிரியர் பெயர்ப் பதிவு, தெளிவான திகதி என்பன வில்சனின் சுட்டியில் இருந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு துணைத் தொகுதியையே வெளியிடக்கூடிய தன்னார்வக் கூட்டுறவு இதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. 1908ஆம் ஆண்டுத் தொகுதியோடு பூல் சுட்டி நின்றது. இதைத் தோல்வி என்று கொள்வது பொருந்தாது. நூலகங்கள் விலை கொடுத்து வாங்கத் தயாராயுள்ள ஒரு பொருள் இத்துறையில் உண்டு என்பதை வில்சனுக்குக் காட்டியவர்கள் கைம்மாறின்றி உழைத்த அந்த நூலகர்களே. ஆயினும் அவர்கள் தமக்கென உண்டாக்கிக்கொண்ட கருவி பின்னர் சந்தா செலுத்திப் பெறும் சரக்காக மாறியபோது, அதன் விதிகளை வகுக்கும் உரிமையும் அவர்கள் கையிலிருந்து பெருமளவுக்கு நழுவியது என்பதையும் மறுத்தற்கில்லை.

பூல் சுட்டி விட்டுச்சென்ற இடைவெளிகளை நிரப்பும் பணி 20ஆம் நூற்றாண்டில் தனித்தனி முயற்சிகளாக நடந்தது. 1957இல் மரியன் பெல், ஜீன் பேக்கன் ஆகிய இருவரும் தொகுதி எண்களுக்குரிய ஆண்டுகளைத் தரும் திறவுகோலை வெளியிட்டனர். பெயரற்ற கட்டுரைகளின் ஆசிரியர்களைக் கண்டறியும் பணியை வெல்லெஸ்லிக் கல்லூரிப் பேராசிரியர் வோல்ற்றர் ஹோட்டனும் அவர் மனைவி எஸ்தரும் மேற்கொண்டனர். வெளியீட்டாளரின் கணக்கேடுகள், பழைய கடிதங்கள், குறிப்பேடுகள் ஆகியவற்றை ஆராய்ந்து உருவான வெல்லெஸ்லிச் சுட்டி 1966 முதல் 1989 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதுவும் 1824 முதல் 1900 வரையான தெரிந்தெடுத்த சில சஞ்சிகைகளுக்கு மட்டுமே. பூல் சுட்டியிலேயே சிதறிக் கிடந்த ஆசிரியர் பெயர்களை ஒன்றுதிரட்டி எட்வேட் வோல் என்பவர் தொகுத்த ஆசிரியர் சுட்டி 1971இல் வெளிவந்தது. எட்மண்ட்ஸின் எட்டுப் பக்கங்களுக்கு அடுத்த ஆண்டு பூலின் 154 பக்கங்கள் வந்தன. அப்பக்கங்களில் விடுபட்ட பெயர்வரிசை வந்து சேர 123 ஆண்டுகள் சென்றன.